மாகாணத்தின் பெயரில் பறந்த 99

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூர் சாலையில் தெற்கே போனால் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் என்று ஊர்கள் வரும். முள்ளோடையில் புதுச்சேரி முடிந்துவிடும். இன்று அந்த இடத்தில் மாறுவது மதுவின் விலையும் பெட்ரோல் விலையும்தான். 1940-ல் அது இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. இந்தப் பக்கம் பிரெஞ்சு இந்தியா. அந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம், தென்னார்க்காடு ஜில்லா. வயலும் வாய்க்காலும் ஒன்றாகவே இருந்தன. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டின் இருபுறமும் நடந்தது. ஆனால் உலகப் போருக்கு ஆள் எடுத்ததும் பணம் திரட்டியதும் வேறு வேறு அரசுகள்.

அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்த மாகாணத்தின் பெயரை இங்கிலாந்தின் ஒரு குண்டுவீச்சுப் படையணி சுமந்தது. ராயல் விமானப்படையின் 99-ஆம் ஸ்குவாட்ரனின் எண்ணுக்குப் பின்னால் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று எழுதப்பட்டது. அது எப்படி வந்தது, அந்தப் பெயருடன் அவ்விமானங்கள் எங்கெல்லாம் போயின என்பதைத் தமிழில் யாரும் விரிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பெயருக்குரிய மக்களும் அந்த விமானங்களும் சந்தித்த ஓர் இடம் உண்டு. அது இங்கிலாந்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

படையணி பிறந்தது 1917 ஆகஸ்ட் 15 அன்று, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள யேட்ஸ்பரியில். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பிரான்சின் நான்சி நகரருகே இருந்த அஸலோ தளத்திலிருந்து பகல் வெளிச்சத்தில் ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டு வீசியது. கையில் இருந்தவை டி.எச். 9 ரக விமானங்கள். ஒற்றை எஞ்சின், துணி போர்த்திய இறக்கைகள், இரண்டு பேர். அந்த எஞ்சினின் பெயர் பூமா. வலு போதாத எஞ்சின். குண்டுச்சுமையோடு உயரே ஏற முடியாமல் எதிரி விமானங்களுக்கு எளிய இரையானது. 1918 ஜூலை 31 அன்று புறப்பட்ட 12 விமானங்களில் 7 சுட்டு வீழ்த்தப்பட்டன. பின்னாளில் படையணி தன் சின்னமாகப் பாயும் பூமா என்ற விலங்கை எடுத்துக்கொண்டது. அந்த எஞ்சினின் நினைவாகத்தான்.

போர் முடிந்ததும் 1919-ல் படையணி இந்தியாவுக்கு வந்தது. அம்பாலா, பிறகு வடமேற்கு எல்லைப்புறத்தின் கோஹாட். அங்கே 1920 ஏப்ரல் 1 அன்று அதன் எண் 27 என்று மாற்றப்பட்டது. 99 என்ற எண் நான்கு ஆண்டு ஏட்டில் மட்டும் இருந்தது. 1924-ல் இங்கிலாந்தில் மறுபடி உயிர் பெற்று, இரவு நேரக் குண்டுவீச்சுக்கான கனரக விமானங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தது. அவற்றில் ஒன்றன் பெயர் 'ஹைதராபாத்'. ஹேண்ட்லி பேஜ் கம்பெனி தயாரித்த இரட்டை இறக்கை விமானம் அது. அதை முதலில் பெற்றதும் இந்தப் படையணிதான். பேரரசு தன் ஆயுதங்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைப்பது அப்போதே வழக்கமாகிவிட்டிருந்தது.

1938 அக்டோபரில் வெலிங்டன் விமானம் வந்தது. ராயல் விமானப்படையில் வெலிங்டனை முதலில் ஓட்டியவர்கள் இவர்களே. பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த அதன் உடல் கூடை முடைந்ததுபோல உலோகப் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மேலே துணி போர்த்தியது. குண்டடி பட்டுப் பாதி துணி கிழிந்தாலும் பின்னல் தாங்கும். அப்படித் தாறுமாறாகக் கிழிந்து திரும்பிவந்த வெலிங்டன்கள் பல. ஐந்தாறு பேர் ஏறுவார்கள். ஏறத்தாழ 2,000 கிலோ குண்டு ஏற்றலாம். பல விமானங்கள் நெருங்கிய அணிவகுப்பில் பறந்தால் அவற்றின் துப்பாக்கிகளே போதிய காவல் என்று தளபதிகள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்த நாள்களில் ஒன்று 1939 டிசம்பர் 14. நியூமார்க்கெட்டின் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து 99-இன் 12 வெலிங்டன்கள் ஜெர்மானியப் போர்க்கப்பல்களைத் தேடி வட கடலின் ஷில்லிக் கடற்பகுதிக்குப் போயின. மேகம் தாழ்ந்து கிடந்தது. கப்பல்களின் பீரங்கிக்கு எட்டும் உயரத்தில் பறக்க வேண்டியதாயிற்று. எதிரியின் வேட்டை விமானங்களும் வந்து சேர்ந்தன. ஐந்து அங்கேயே போயின. ஆறாவது, வீடு வந்து இறங்கும்போது நொறுங்கியது. புறப்பட்டவற்றில் பாதி. நான்கு நாள் கழித்து வேறு படையணிகளின் 22 விமானங்கள் போய் 12 அழிந்தபின், பகலில் துணையின்றிக் குண்டு வீசப் போகும் திட்டத்தைப் பிரிட்டன் பெரும்பாலும் கைவிட்டது. ஜெர்மானிய நகரங்களின் மேல் பின்னாளில் நடந்த இரவுக் குண்டுவீச்சின் வேர் அந்த டிசம்பரில் இருக்கிறது. அதன் விலையும் பெரிது. போர் முடிவதற்குள் பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள்.

இதுவரை சொன்னதில் மதராஸுக்கு இடமில்லை. அது 1940-க்குப் பிறகு, பணத்தின் வழியாக வந்தது.

பிரிட்டன் தனித்து நின்ற அந்த ஆண்டில் விமான நன்கொடை இயக்கம் பேரரசு முழுவதும் பரவியது. ஒரு ஸ்பிட்ஃபயர் வேட்டை விமானத்துக்கு 5,000 பவுன், இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்துக்கு 20,000 பவுன் என்று ஒரு விலைப்பட்டியலே இருந்தது. உண்மையான தயாரிப்புச் செலவு அதைவிட அதிகம். கொடுப்பவர் மனத்தில் பதிவதற்காக வைத்த முழு எண்கள் அவை. பெருந்தொகை கொடுத்த நாடுகளின் பெயர் முழுப் படையணிக்கே சூட்டப்பட்டது. அன்றைய நாணய மாற்றில் ஒரு பவுனுக்குச் சுமார் 13 ரூபாய் 5 அணா. அப்படியானால் ஒரு வெலிங்டன் இரண்டே முக்கால் லட்ச ரூபாயை நெருங்குகிறது. வயலில் நாள் முழுதும் உழைப்பவர் கூலியாகச் சில அணாக்களைப் பார்த்த காலம். சென்னை மாகாணம் கொடுத்த பணத்துக்கு ஒரு படையணியின் பெயர் மட்டும் வரவில்லை. 79, 234, 264 ஆகிய மூன்று வேட்டை விமானப் படையணிகளும் அதே பெயரைத் தாங்கின. குண்டுவீச்சுப் படையணி 99 மட்டுமே. தமிழர் வாழ்ந்த மற்ற நிலங்களும் தப்பவில்லை. யார்க்ஷயரின் பாக்லிங்டனிலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த 102-ஆம் படையணியின் பெயர் 'சிலோன்'. 97-இன் பெயர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்', அதாவது பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும்.

பணம் கொடுத்தது யார்? ஜமீன்தார்களும் மிராசுதாரர்களும் வணிகர்களும் பெருந்தொகை தந்தார்கள். ஆனால் அன்று மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை. தங்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்ததைக் கண்டித்து ராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியிருந்தது. 1940 மார்ச்சிலிருந்து ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் ஆட்சி. யுத்த நிதி வசூல் ஆளுநரின் பெயரில், கலெக்டர், தாசில்தார், மணியக்காரர், கர்ணம் என்று படிப்படியாக இறங்கியது. நிலவரி வாங்கும் கையே நன்கொடையும் கேட்டால், மறுக்கத் துணிபவர் எத்தனை பேர்? கட்டாய வசூல் பற்றி நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த புகார்களைக் காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முழக்கமே, ஆளாலும் பணத்தாலும் இந்தப் போருக்கு உதவுவது தவறு என்பதுதான். அதற்காக ராஜாஜியும் சிறை போனார். மறுபுறம், பெரியாரின் தலைமையில் இருந்த நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. ஆகவே 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் விருப்பமும் அச்சமும் கணக்கும் கொள்கையும் கலந்து கிடந்தன. விமானப் படையின் ஏட்டில் அந்த வேறுபாடு பதிய வழியில்லை.

இங்கே எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன், தயக்கத்துக்குப் பிறகு, செப்டம்பரில் பிரெஞ்சு இந்தியாவை ஜெனரல் தெகோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்த்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் முழுக்க பிரிட்டிஷ் நிலம் இருக்க, வேறு முடிவு எடுப்பதும் எளிதில்லை. அதே செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து ஸ்ரீ அரவிந்தரும் அவரது ஆசிரமத்து அன்னையும் சேர்ந்து, மதராஸ் ஆளுநரின் யுத்த நிதிக்கு நன்கொடையும், ஹிட்லருக்கு எதிரான போரை ஏன் ஆதரிக்கிறோம் என்று விளக்கும் கடிதமும் அனுப்பினார்கள். 1908-ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதாகி ஓராண்டு சிறையில் கிடந்து, பிரிட்டிஷாரின் பிடிக்கு எட்டாத இடம் தேடி 1910-ல் புதுச்சேரிக்கு வந்தவர் அரவிந்தர். இந்தியாவின் விடுதலையில் அவர் எள்ளளவும் விட்டுக்கொடுத்தவரல்லர். நாஜிகள் வென்றால் மனித குலமே பின்னுக்குப் போய்விடும் என்று உறுதியாக நம்பினார். சீடர்கள் சிலருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. காந்தியின் மறுப்பையும் அரவிந்தரின் ஆதரவையும் எதிரெதிரே வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் அதற்குரிய விலையை அறிந்தே பேசினார்கள். என் மனம் போவது, கேட்கப்படாமலே கொடுக்க வைக்கப்பட்டவர்கள் பக்கம்தான்.

1942 தொடக்கத்தில் ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் பர்மாவையும் பிடித்தார்கள். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இரண்டும் சென்னை மாகாணத்து ஊர்கள். சென்னை நகரம் பயத்தில் காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. அந்த நாள்களில் மதராஸின் பெயர் தாங்கிய படையணி மதராஸைக் காக்க இங்கே இல்லை. அது இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஜூனில் அம்பாலாவில் கூடியது. அதற்கு அடுத்த காலத்திலும் தமிழ்க் கடற்கரைக்கு அது வரவில்லை. தஞ்சாவூர் தளத்தில் அந்த அக்டோபரில் புதிதாக அமைந்து, வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த வெலிங்டன்கள் 36-ஆம் படையணியினுடையவை.

99 போனது வங்காளத்துக்கு. 1942 அக்டோபரில் மிதுனாப்பூர் ஜில்லாவின் டிக்ரி தளம். அதே மாதம் 16-ஆம் தேதி அந்த ஜில்லாவின் கடலோரத்தைப் பெரும்புயல் அடித்துப் பல ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. பயிரும் மாடும் அழிந்தன. அடுத்த ஆண்டு படையணி ஜெஸ்ஸோருக்கு மாறியது. அது 1943. பர்மா அரிசி நின்றுபோய், ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று கடலோரப் படகுகளையும் நெல்லையும் அரசே அகற்றி, விலை எட்டாத உயரத்துக்குப் போய், வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டினியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்ட பஞ்சத்தின் ஆண்டு. அந்தப் பஞ்சப் பிரதேசத்தின் நடுவே இருந்த ஓடுபாதைகளிலிருந்துதான் விமானங்கள் இரவு இரவாகப் பர்மாவுக்குப் பறந்தன. ஒரு பெரிய போரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பறந்த விமானங்களை எண்ணுகிறார்கள். ஓடுபாதையின் வேலிக்கு வெளியே சாலையோரம் கிடந்தவர்களை வேறு புத்தகத்தில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே இடம், ஒரே ஆண்டு.

1944 செப்டம்பரில் படையணி நாதியா ஜில்லாவின் துபூலியாவுக்குப் போய், வெலிங்டனை விட்டு அமெரிக்க லிபரேட்டருக்கு மாறியது. நான்கு எஞ்சின், 33 மீட்டர் இறக்கை, பர்மாவைக் கடந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) வரை போய்த் திரும்பும் எரிபொருள். வங்காளத்தின் லிபரேட்டர் படையணிகள் பல ஒரே கட்டளையின் கீழ் இயங்கின. அவற்றின் முக்கியக் குறிகளில் ஒன்று பர்மா-சயாம் ரயில்பாதை.

நான் தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை ஜப்பானியர் 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். மேற்கத்திய நாடுகளின் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலேயாத் தோட்டங்களின் தமிழர். மலேயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல்; பெரும்பாலோர் தமிழர். மூன்று மாத வேலை, நாள் கூலி ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டப்பட்டவர்கள் சிலர். பால்மரம் வெட்டும் இடத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் பலர். காலராவும் மலேரியாவும் பசியும் பல பத்தாயிரம் பேரைக் கொன்றன. கைதிகள் முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள், பட்டியல் எழுத அதிகாரிகள் இருந்தார்கள். தொழிலாளர் முகாமில் இரண்டும் இல்லை. மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தத் தமிழர்கள் எங்கிருந்து மலேயாவுக்குப் போனவர்கள்? திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு, தென்னார்க்காடு. கங்காணியின் பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். முள்ளோடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள். கடலூர் கலெக்டர் கச்சேரி அவர்கள் தகப்பன்மார் ஊரில் யுத்த நிதி வசூலித்தபோது அவர்கள் ரப்பர் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாதை முடிந்தபின்னும் அவர்களை ஊருக்கு அனுப்பிவிடவில்லை. பராமரிப்புக்கு, விறகு வெட்டுவதற்கு, குண்டு விழுந்து உடைந்த பாலத்தை மறுபடி கட்டுவதற்கு என்று அங்கேயே ஒரு கூட்டம் நிறுத்தப்பட்டது. 1944 கடைசியிலிருந்து லிபரேட்டர்கள் பாலங்களையும் ரயில் நிலையங்களையும் தாக்கின. முகாம்கள் பாதையை ஒட்டியே இருந்தன. குண்டுகளுக்குக் கைதிகளும் பலியானார்கள், கூலிகளும் பலியானார்கள். அந்தப் படைத்தொகுதியில் மதராஸ் மாகாணத்தின் பெயர் தாங்கிய ஸ்குவாட்ரன் இருந்தது. கீழே அந்த மாகாணத்தின் மக்கள் இருந்தார்கள். மேலே பறந்தவர்களின் கண்ணுக்கு அவர்கள் தெரிய வாய்ப்பில்லை. கீழே இருந்தவர்களுக்கு மேலே போவதன் பெயர் தெரிய வழியே இல்லை. அந்தப் பாதை உடைந்ததால் பர்மாவில் ஜப்பானியப் படை தளர்ந்தது என்பதும் உண்மை. போர் விரைவில் முடிந்ததால் உயிர் தப்பியவர்களில் அந்தத் தமிழரும் அடக்கம். இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள், பெரும்பாலும் தனித்தனிக் குழியில், கிடக்கிறார்கள்; புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பேணுகிறார்கள். தமிழ்க் கூலிகளுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடையாது.

1945-ன் நடுவில் 99 இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்குப் போனது. மலேயாவை மீட்கும் படையெடுப்புக்குத் துணையாகத் தென்னை மரங்களை வெட்டி அங்கே அவசரமாக ஓடுபாதை போட்டிருந்தார்கள். படையணி போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஜப்பான் சரணடைந்தது. குண்டு வைக்கும் அறையில் உணவும் மருந்தும் கட்டி, கைதி முகாம்களின் மேல் போட்டுவிட்டு வந்தன விமானங்கள். நவம்பர் 15 அன்று படையணி கலைக்கப்பட்டது. பின்னர் போக்குவரத்துப் படையணியாக மறுபிறப்பு எடுத்து, இன்று பிரைஸ் நார்ட்டன் தளத்தில் சி-17 சரக்கு விமானங்களை ஓட்டுகிறது. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசியின் உடலை எடின்பரோவிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தது அந்தப் படையணிதான்.

போர் முடிந்தபின் பல லிபரேட்டர்கள் இந்தியாவிலேயே தங்கின. பிரிட்டிஷார் போகும்போது கான்பூர் கிடங்கில் அவற்றை வரிசையாக நிறுத்தி, இனி யாரும் பறக்கக் கூடாதென்று எஞ்சினில் மணலைக் கொட்டி, உடலில் ஓட்டை போட்டு, லாரியால் மோதிச் சிதைத்தார்கள். 1948-ல் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அந்த மயானத்துக்கு ஆள் அனுப்பியது. ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாற்றி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். ஏறத்தாழ 40 விமானங்கள் அப்படி மீண்டன. சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படையணியான 5-ஆம் ஸ்குவாட்ரன் 1948 நவம்பர் 2 அன்று கான்பூரில் அவற்றைக் கொண்டே அமைந்தது. பிறகு 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் ரோந்துக்கு ஓட்டியது. 1968 டிசம்பர் வரை. உலகில் வேறெங்கும் படைச்சேவையில் லிபரேட்டர் மிஞ்சியிராத காலம் அது.

அவற்றில் கே.என். 751 என்ற விமானம் ஒன்று. 1945-ல் 99-ஆம் படையணியோடு இருந்தது. இந்தியாவில் எச்.இ. 807 என்ற எண்ணுடன் 6-ஆம் ஸ்குவாட்ரனில் பணியாற்றியது. 1974-ல் இந்தியா அதைப் பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. தன் நான்கு எஞ்சின்களாலேயே பறந்துபோய் இறங்கியது. லண்டனின் ஹெண்டனில் அது நிற்கிறது. மதராஸ் மாகாணத்தின் பெயரால் வானில் போனவற்றில் கையால் தொடும் அளவுக்கு மிஞ்சியிருப்பது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். போகிற தமிழர்கள் அதனருகே கொஞ்சம் நிற்க வேண்டும்.